வளையம் விழாத பதினேழாம் பக்கம்

அந்தக் கையேட்டில் இருபத்தெட்டுப் பக்கங்கள். இருபத்தேழில் தேநீர் வளையம் விழுந்திருக்கிறது. சிலவற்றில் முழு வட்டம். சிலவற்றில், குவளையின் அடி ஒருபக்கம் மட்டும் நனைந்திருந்ததால், பிறை போன்ற ஒரு கீற்று. பதினேழாம் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. ஒருபுறம் மட்டும் நகலெடுத்து, இடது மூலையில் பின் அடித்த தாள்கள் அவை. வளைகுடாவில், ஃபஹாஹீலில் எங்கள் வீட்டு அலமாரியில், என் பள்ளிப் பாடநூல்களுக்கு அடியில் கிடந்த அந்தக் கையேட்டை இந்த விடுமுறையில் வெளியே எடுத்தபோது, நான் முதலில் புரட்டியது அந்தத் தாளைத்தான். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் புரட்டினேன்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், ஒரு சிற்றூரில் இருக்கும் தேவாலயத்தின் வரலாறு அது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமையான கட்டடம். அங்கே நெடுங்காலம் பணிபுரிந்த பாதிரியார் ஒருவர், பார்க்க வருகிறவர்களுக்காக எழுதி வாசலருகே அடுக்கி வைத்திருந்ததாக முன்னுரையில் சொல்கிறார். அவர் மறைந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தத் தேவாலயத்தின் ஒவ்வொரு கல்லும் என் மாமாவுக்குத் தெரியும். வடக்குச் சுவரில் தரையிலிருந்து நான்காவது வரிசையில் உடைந்த கல் எது, கோபுரத்தின் எந்த மூலை சற்றே உள்ளே வாங்கியிருக்கிறது என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

மாமா, என் உம்மாவின் தம்பி. கட்டட வரைபடம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். ஃபஹாஹீலில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வேலை, அப்பாசியாவில் பகிர்ந்துகொண்ட ஓர் அறையில் வாசம். அதுவரை அவர் வரைந்தவை கிடங்குகளும், தொழிலாளர் கேம்ப்களும், ஒன்றுபோலவே இருக்கும் மாளிகைகளும்தான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஓர் ஆங்கிலேய நிறுவனம், கூலி குறைவு என்பதால், அந்தத் தேவாலயத்தை வரைந்து தரும் பணியை இங்கே அனுப்பியது. அங்கே கருவி வைத்து எடுத்த லேசர் ஒளி அளவீடுகளும் புகைப்படங்களும் வரும். மாமா அவற்றின்மேல் கல் கல்லாகக் கோடு போட வேண்டும். காக்க வேண்டியவற்றைச் சிவப்பில் சுற்ற வேண்டும். சிதைந்து போனவற்றின்மேல் நீலச் சாய்கோடுகள் இட வேண்டும். நீலம் விழுந்த இடங்களில் சுண்ணாம்புச் சாந்து பூசப்படும். கடல்களுக்கு அப்பால் சாரத்தில் நிற்கிற ஒரு மனிதர், மாமா இட்ட நிறத்தைப் பார்த்துத்தான் கரண்டியை எடுப்பார்.

அளவீடுகளோடு கையேட்டின் நகலும் வந்தது. மாமாவின் ஆங்கிலம் வரைபடக் குறிப்புகளுக்குப் போதும். நீண்ட வாக்கியங்களுக்குப் போதாது. பதினோராம் வகுப்பில் இருந்த என்னிடம் அந்த வேலை வந்தது. ஒரு பக்கத்தை நான் மௌனமாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். ஏசிக் காற்றில் தாள்கள் புரளும் என்பதால், முடித்த பக்கத்தின்மேல் சுலைமானித் தேநீர்க் குவளையை வைத்துவிடுவார். நாளடைவில் அது ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. வளையம் இருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. எங்கே விட்டோம் என்று மறந்துபோனால், உலர்ந்த வளையத்தைத் தேடினால் போதும்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவரோடு அறைத்தோழரும் வருவார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரு கட்டுமான நிறுவனத்தில் பூச்சுவேலை. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது, கொத்தனார்தான். விரல் நுனிகள் சிமெண்டில் வெந்து வெள்ளையாகிப் போயிருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் மாமா வரைபடங்களை ஹாலில் விரிப்பார். சோற்றுப் பருக்கை ஒட்டப்போகிறது என்று உம்மா சமையலறையிலிருந்து ஏசிக்கொண்டே இருப்பார். கொத்தனார் முழங்காலில் நின்று, சுவரைப் பார்ப்பதுபோலவே தாளைப் பார்ப்பார்: முதலில் தள்ளி நின்று, பிறகு கன்னத்தைத் தாளோடு ஒட்டிவைத்து.

பீடம் இருக்கும் கிழக்குப் பகுதி, நடுமண்டபத்தோடு நேர்கோட்டில் இல்லாமல் சற்றே வடக்குப் பக்கம் திரும்பியிருந்தது. அளவெடுத்ததில்தான் பிழை என்று மாமா அதை நேராக்கப் பார்த்தார். கொத்தனார் சிரித்தார்.

“மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி. இது ரெண்டு காலத்து வேல. மொதல்ல நூல் புடிச்சவன் வேற, பின்னால வந்தவன் வேற.”

“அதுக்காக இவ்வளவு கோணலாவா அண்ணே?”

“ஒங்க ஆபீஸ்ல வந்து கட்டியிருந்தா நேராத்தான் கட்டியிருப்பான். என்னத்தா, புஸ்தகத்துல என்ன போட்ருக்கான்னு மாமாவுக்குச் சொல்லு.”

கையேடு கொத்தனாரின் பக்கம்தான் பேசியது. கிழக்குப் பகுதி நூறாண்டு கழித்து இடித்துக் கட்டப்பட்டது என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. அன்றிலிருந்து அது ஒரு விளையாட்டாகிவிட்டது. முதலில் கொத்தனார் சுவரைப் பார்த்துச் சொல்வார். பிறகு நான் கையேட்டைப் பார்த்துச் சொல்வேன். வடக்கு வாசல் பிற்காலத்தில் அடைக்கப்பட்டது என்றார், சரியாக இருந்தது. தெற்கு வாசலருகே ஒரு கல்லில், நடுவில் துளையும் சுற்றிலும் கதிர்போன்ற கீறல்களும் இருந்தன. நிழல் பார்த்துத் தொழுகை நேரம் அறியப் பாதிரியார்கள் செதுக்கிய கடிகாரம் அது என்று நான் படித்துச் சொன்னபோது, மாமா பென்சிலைக் கீழே வைத்தார். “அவங்களும் வக்து பாத்துருக்காங்க” என்று மெல்லச் சொன்னார். அந்தக் கல்லை இரண்டுமுறை சிவப்பில் சுற்றினார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஓவியங்கள் வந்தன. சுவர் முழுக்க ஒரு காலத்தில் சித்திரங்கள் இருந்ததாம். மதம் மாறிய அரசரின் ஆணைப்படி அவற்றைச் சுண்ணாம்பால் மூடிவிட்டார்கள். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பூச்சு உதிர்ந்தபோது, ஒரு முகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொத்தனாருக்கு அதில் வியப்பே இல்லை.

“சுண்ணாம்பு எதையும் கொல்லாதுத்தா. மூடி வச்சுக்கிரும், அவ்வளவுதான். சிமெண்டுதான் தின்னுப்புடும்.”

கோபுரத்தின் உட்புற வடக்குச் சுவரை அவர் பார்த்தது கடைசி வெள்ளிக்கிழமையில். அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. புகைப்படத்தில் அந்தச் சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது. ஆள் உயரத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக மெல்லிய கீறல்கள். மாமா அவற்றை விரிசல்கள் என்று எடுத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் கன்னத்தைத் தாளில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, சட்டைப்பையில் இருந்த பேனா மூடியால் ஒரு கீறலைத் தொட்டுக் காட்டினார்.

“விரிசல்னா கீழ எறங்கும், இல்ல மூலைக்கு ஓடும். திரும்பி வராது. இது திரும்பி வருது பாரு. ஆளு நின்னு ஆணியால கீறுனது.”

அது எழுத்து என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பள்ளியில் நான் அறிந்த ஆங்கில எழுத்துகளைப்போல அவை இல்லை. கையேட்டில் பார்த்துவிடலாம் என்று மாமா சொன்னார். அப்போது பதினான்காம் பக்கத்தில் இருந்தோம்.

அடுத்த வாரம் தொற்றுநோய் பரவி அலுவலகங்கள் மூடின. எங்கள் வீட்டு இணையம் நன்றாக இருந்ததால் மாமா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்; இரண்டு நாள் வேலை என்று நினைத்து இரண்டு சட்டைகளோடு வந்தார். கொத்தனார் அறையிலேயே தங்கிவிட்டார். அதன்பிறகு அப்பாசியாவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. மாமா தினமும் அஸர் தொழுகைக்குப் பின் கொத்தனாரை அழைப்பார். முதலில் பருப்பு விலையைப் பற்றியும், அறையில் யார் குறட்டை விடுகிறார் என்பது பற்றியும் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள் கொத்தனாரின் குரலுக்கு நடுவே இருமல் வந்தது. பிறகு குரலுக்குப் பதில் வேறொருவர் பேசினார். மருத்துவமனைக்கு அழைத்துப்போய்விட்டதாகச் சொன்னார். எட்டாம் நாள், மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. ஊருக்கு அனுப்ப வழியில்லை. இங்கேயே அடக்கம். மாமாவால் ஜனாஸாத் தொழுகைக்குப் போக முடியவில்லை. யாரோ அனுப்பிய புகைப்படத்தில் மண்மேடு ஒன்றும், தலைமாட்டில் ஒரு கல்லும் இருந்தன. கல்லில் பெயர் இல்லை, எண் இருந்தது.

நான்கு நாட்கள் மாமா வரைபடத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை மேலாளர் அழைத்தார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள், அலுவலகத்தில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பும் பேச்சும் இருந்தது. “பாய், இன்னைக்கு அனுப்பிடணும். இங்கிலாந்துக்கு இனிமே ஒரு கேள்வியும் போகக்கூடாது. கலாஸ், அவ்வளவுதான்” என்று சொன்னது எனக்கும் கேட்டது. சந்தேகமான இடத்தைப்பற்றி அந்த நிறுவனத்திடம் கேட்டுத் தெளிவதுதான் முறை. அந்த வழி அடைபட்டது. ஆனால் கையேட்டில் ஒரு குறிப்பு இருந்தால் கேள்வி தேவையில்லை, சிவப்பில் சுற்றிவிடலாம். கோபுரச் சுவர் ஒன்றுதான் மீதி இருந்தது. மாமா எனக்கு எதிரே அமர்ந்தார். பதினாறாம் பக்கத்தை முடித்து, அதன்மேல் வைத்திருந்த குவளையை எடுத்தார். நான் பதினேழைப் புரட்டினேன்.

அந்தப் பக்கத்தின் சாரத்தை இன்று என்னால் தாளைப் பார்க்காமலே சொல்ல முடியும். பெருங்கொள்ளைநோய் அந்த ஊருக்கு வந்தபோது கோபுரம் பாதி எழும்பியிருந்தது. ஒரே ஆண்டில் மூன்று பாதிரியார்கள் மாறினார்கள். அந்தக் கோடையில் கொத்தனாரும் இறந்தார். வேலை நின்றது. இறந்தவர்களுக்கெல்லாம் மணி அடிக்க ஆளில்லாமல் போகவே, யாரோ ஒருவர் கோபுரத்தின் உட்புற வடக்குச் சுவரில் அவர்கள் பெயர்களை ஆணியால் கீறி வைத்தார். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் ஏழு பெயர்களைப் படிக்கலாம். அதன்கீழ் ஏழு பெயர்கள்.

கொத்தனாரும் இறந்தார் என்ற வாக்கியத்தைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. மாமா சவரம் செய்யாத முகத்தோடு, பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்த வாக்கியத்தை அவர் முன்னால் தமிழில் உச்சரிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லியிருக்கலாம். அந்த வழி எனக்கு அப்போது தெரியவில்லை. எனக்குப் பதினாறு வயது. அந்தப் பக்கம் முழுவதுமே மரணமாக இருந்தது. முழுவதையும் மூடிவிட நினைத்தேன்.

“அந்தக் கோபுரச் சுவரப்பத்தி என்னமும் போட்டிருக்கா?” என்று மாமா கேட்டார்.

“இல்ல மாமா.”

“கீறலப்பத்தி?”

“இல்ல. அடுத்த பக்கம் மணி பத்தி.”

அவர் திரைப்பக்கம் திரும்பினார். பிறகு, அண்ணன் சொன்னது தவறாக இருக்கும் என்று, யாரிடமும் இல்லாமல் சொன்னார். நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து விழுந்து அந்தச் சுவரை மூடுவதை எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தேன். நான் தாளைப் புரட்டிவிட்டிருந்ததால் அவருடைய குவளை பதினெட்டாம் பக்கத்தின்மேல் அமர்ந்தது; பின்வந்த நாட்களில் மீதிப் பக்கங்களிலும் அமர்ந்தது. மாலையில் வரைபடம் போய்விட்டது. அன்று மாலைவரையேனும் நான் வாயைத் திறந்திருக்கலாம். உம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். துவைத்த துணியை மடித்தேன். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை மாமாவின் அருகே போய் நின்று திரும்பி வந்தேன்.

இப்போது நான் திருச்சியில் முதுகலை இலக்கியம் படிக்கிறேன். சென்ற பருவத்தில், இடைக்கால இங்கிலாந்தைப் பற்றிய ஒரு வகுப்பில் பேராசிரியர் கிராமத் தேவாலயங்களின் படங்களைக் காட்டிக்கொண்டு போனபோது, நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். விடுதிக்குத் திரும்பி அந்த ஊரின் பெயரை இணையத்தில் தேடினேன். பழுதுபார்ப்பு முடிந்த பிறகு எடுத்த படங்கள் இருந்தன. கோபுரத்தின் உட்சுவர், தலையணை உறைபோல வெள்ளையாக, ஒரு மருவும் இல்லாமல் இருந்தது. அங்கே யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்றுதான் அத்தனை ஆண்டுகளும் என்னை நானே ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு நிரந்தரப் பாதிரியார் இப்போது இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வழிபாடு. மற்ற நாட்களில் கோபுரக் கதவு பூட்டியிருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அந்தக் கையேட்டை எழுதியவர்தான். அவரும் இல்லை.

அதன்பிறகு வெள்ளைச் சுவர்களைப் பார்க்க எனக்குச் சிரமமாக இருந்தது. விடுதி அறையில், நூலகத்தில், மருத்துவமனை நடையில், எங்கே பூச்சு வழவழப்பாக இருந்ததோ அங்கே அதன் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. அவர்கள் என்னிடம் கோபமாக இல்லை. பெயரைச் சொல்லக் காத்திருப்பவர்களைப்போல வெறுமனே நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், வெந்த விரல்களோடு ஒருவர் நின்றார். சுவரை மூடியதைவிட அதுதான் என்னை அரித்தது. அவர் சரியாகப் பார்த்திருந்தார். நான் சொன்ன ஒரு சொல் அவரைத் தவறாக்கியது. மறுத்துச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

விடுமுறைக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை மாமா சாப்பிட வந்தார். தனியாகத்தான் வருகிறார், ஆறு ஆண்டுகளாக. சாப்பாடு முடிந்து உம்மா சுலைமானி கொண்டுவந்து வைத்தார். நான் கையேட்டை அவர் முன் விரித்து, பதினேழாம் பக்கத்தை, ஒரு சொல்லும் விடாமல், தமிழில் சொன்னேன். கொத்தனாரும் இறந்தார் என்பதையும் சொன்னேன். ஏழு பெயர்களையும் சொன்னேன். பிறகு, அன்றைக்கே இதைப் படித்தேன் என்றும் சொன்னேன்.

மாமா என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. குவளையைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

“நான் அண்ணன நம்பல புள்ள. ஒன்ன நம்புனேன்.”

சமையலறையில் உம்மா குழாயை மூடிய சத்தம் கேட்டது. மாமா கேட்டார்:

“எத்தன பேருன்னு போட்டிருக்கு?”

“ஏழு.”

“எண்ணிப் பாரு.”

எண்ணினேன். “ஏழுதான் மாமா.”

“நான் ஒம்போது வரைஞ்சேன்.”

அவர் மடிக்கணினியைத் திறந்தார். வரைபட மென்பொருளில் ஒரே படத்தைப் பல அடுக்குகளாக வரையலாம். வேண்டாத அடுக்கை அழிக்காமல் அணைத்து வைக்கலாம். கோபுரச் சுவரின் கோப்பில் அணைத்து வைத்த ஓர் அடுக்கு இருந்தது. அதற்குக் கொத்தனாரின் முழுப்பெயரை வைத்திருந்தார். கொத்தனார் இறந்த பிறகு வந்த அந்த நான்கு நாட்களில், உம்மாவும் நானும் அவர் படுத்தே கிடக்கிறார் என்று நினைத்திருந்தபோது, என்னவென்றே தெரியாத அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாக, திரும்பும் இடமெல்லாம் திரும்பி, வரைந்து வைத்திருக்கிறார். கையேட்டில் இருந்தால் அந்த அடுக்கைச் சேர்த்து அனுப்ப எண்ணியிருந்தார். இல்லை என்று நான் சொன்னதும் அணைத்துவிட்டார். இப்போது அதை ஏற்றினார். நீலக் கோடுகளின்மேல் ஒன்பது வரிகள் எழுந்து வந்தன.

அன்று என்னால் படிக்க முடியாமல்போன எழுத்துகளை இன்று ஓரளவு படிப்பேன். அதைத்தான் கல்லூரியில் கற்கிறேன். ஏழு வரிகள் கையேட்டின் பெயர்களோடு பொருந்தின. எட்டாவது தேய்ந்திருக்கிறது, ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம் என்பதற்குமேல் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒன்பதாவது, நான்கு கோடுகளோடு நின்றுவிடுகிறது. தேயவில்லை. நின்றுவிடுகிறது. கீறியவர் அதற்குமேல் கீறவில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்த பாதிரியாருக்கும் தெரியாத அந்த இரண்டு பேரும், சுவர் மூடப்பட்ட பிறகு, ஃபஹாஹீலில் ஒரு பழைய மடிக்கணினிக்குள் மட்டும் இருந்திருக்கிறார்கள்.

மறுநாள் அந்தத் தேவாலயத்தின் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை மறைக்கவில்லை. வரைபடத்தையும் இணைத்தேன். கீறல்களைக் கண்டுபிடித்தவர் பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்று மாமா சொன்னார். “நம்பரப் போடாத, பேரப் போடு” என்றார். வரைபடத்தின் கீழ் மூலையில், வரைந்தவர் பெயர் வரும் கட்டத்தில், தன் பெயருக்கு மேலே அந்தப் பெயரை அவரே தட்டச்சு செய்தார். பத்து நாளில் மறுமொழி வந்தது. வரைபடத்தைத் தேவாலயத்தின் ஆவணங்களோடு வைத்திருப்பதாகவும், பூச்சை அடுத்தமுறை புதுப்பிக்கும்போது அந்த இடத்தைத் திறந்து பார்ப்பதாகவும், அதற்கு நீண்டகாலம் ஆகலாம் என்றும், பணிவாக எழுதியிருந்தார்கள். சுண்ணாம்பு எதையும் கொல்லாது என்று கொத்தனார் சொன்னதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையின் கடைசிக் கணம் இன்னும் ஒன்று இருக்கிறது. திரையில் ஒன்பது வரிகளைப் பார்த்தபடியே மாமா ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். ஏசிக் காற்றில் பதினேழாம் பக்கம் மெல்லத் தூக்கியது. பழக்கத்தில் அவர் கை குவளையோடு அந்தத் தாளுக்கு வந்தது. வந்து, விரற்கடை உயரத்தில் நின்றது. பிறகு குவளையை மேசையின் வெறும் பலகையில் வைத்தார். தாளைத் தன் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

“இது முடியல புள்ள” என்றார். “ரெண்டு பேரு பாக்கி.”